இலைச்சாறும் பத்து நாள் முட்டையும்



மேடையை நோக்கி முட்டை வருவது நம் ஊரில் புதிதல்ல. பேச்சாளரே கையோடு கொண்டுவருவதுதான் புதிது. இந்த டிபன் பாக்ஸில் பஞ்சு இருக்கிறது, பஞ்சுக்கு அடியில் ஒரு வெந்நீர்ப் பை, நடுவில் நாட்டுக்கோழி முட்டை ஒன்று. ஏழு நாள் அடையில் இருந்த முட்டை. தாய்க்கோழியே இரை பொறுக்க அரைமணி நேரம் இறங்கிப் போய்விட்டு வருகிறதே, அதனால் என் பேச்சு முடியும்வரை இது தாங்கும். தாங்காவிட்டால் குற்றம் என்னுடையது; நீளமாகப் பேசிவிட்டேன் என்று பொருள்.

‘மூலிகை இலையில் புற்றுநோய்க்கு மருந்து: ஆய்வில் கண்டுபிடிப்பு’ என்ற மாதிரிச் செய்திகளை அடிக்கடி பார்க்கிறீர்கள். கீழே படித்தால், அந்த இலையின் சாறு ‘இரத்த நாளங்கள் வளர்வதைத் தடுத்தது’ என்று ஒரு வரி இருக்கும். எங்கே தடுத்தது, யாருடைய நாளம் என்று எழுதியிருக்காது. பல நேரம் அது இப்படி ஒரு முட்டைக்குள் இருக்கும் கோழிக்கருவின் நாளம். நான் இருபது வருடத்துக்கு மேல் மாணவர்களோடு இந்த முட்டைச் சோதனையைச் செய்தவன். முட்டைக்குள் என்ன நடக்கிறது, அதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், நாளத்தை ஏன் தடுக்க வேண்டும்? உடம்பின் பெரும்பாலான உயிரணுக்கள் தந்துகியிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் தள்ளி வாழ முடியாது. பிராணவாயு அவ்வளவு தூரம்தான் ஊடுருவும். புற்றுநோய்க் கட்டிக்கும் அதே சட்டம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜூடா ஃபோக்மன் என்ற இளம் அறுவை மருத்துவர், உடலிலிருந்து பிரித்தெடுத்துக் கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்திருந்த தைராய்டு சுரப்பிகளில் புற்றணுக்களைச் செலுத்திப் பார்த்தார். கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்ந்தது, அதோடு நின்றுவிட்டது. அதே கட்டியை எலிக்குள் வைத்தால் கிடுகிடுவென்று வளர்ந்தது. என்ன வித்தியாசம்? எலிக்குள் கட்டியை நோக்கிப் புதுத் தந்துகிகள் ஓடிவந்தன, கண்ணாடிக் கலத்துச் சுரப்பியில் வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்கிறவனைப் போல, கட்டி தனக்கு வேண்டிய இரத்தத்தை அக்கம்பக்கத்து நாளத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. அந்த ஒயரை வெட்டினால் என்ன என்று அவர் 1971-இல் எழுதினார். பல வருடம் சக ஆராய்ச்சியாளர்கள் சிரித்தார்கள். 1989-இல் நாளங்களை வளரத் தூண்டும் முக்கியமான புரதத்தை நெப்போலியோனே ஃபெராரா பிரித்தெடுத்துக் காட்டிய பிறகு சிரிப்பு அடங்கியது.

வளர்ந்த மனிதருக்குப் புது நாளம் அன்றாடம் தேவைப்படுவதில்லை. காயம் ஆற வேண்டும், மாதவிலக்குக்குப் பின் கருப்பையின் உள்தோல் வளர வேண்டும், கரு தங்கினால் நஞ்சுக்கொடி வேண்டும். மற்றபடி நாளத்தின் உட்சுவர் அணுக்கள் வருடக்கணக்கில் சும்மா கிடப்பவை. அதனால், புது நாளத்தை மட்டும் தடுக்கும் பொருள் கட்டியைப் பட்டினி போடும், உடம்பைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது என்பது கணக்கு. அப்படிப்பட்ட பொருளைத் தேடுகிறவர்கள் இலை தழைக்கு வருவது இயல்புதான்.

சோதிக்க ஓர் இடம் வேண்டுமே. நாளங்கள் வேகமாக வளர வேண்டும், கண்ணுக்குத் தெரிய வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் அடைமுட்டையில் இருக்கின்றன. முட்டையைத் திறந்து பார்ப்பது பழைய வழக்கம்தான். அரிஸ்டாட்டில் நாளுக்கு ஒன்றாக முட்டையை உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாள் சிவப்புப் புள்ளியாகத் துடிக்கும் இதயத்தை எழுதிவைத்தார். 1911-இல் பெய்டன் ரவுஸும் ஜேம்ஸ் மர்ஃபியும் கோழிக்கருவில் கட்டியையே வளர்த்துக் காட்டினார்கள்.

குஞ்சு முட்டைக்குள் மூச்சு விடுவது நுரையீரலால் அல்ல. ஓட்டுக்கு உட்புறமாக ஒரு மெல்லிய சவ்வு பரவுகிறது. கோரியான், அலன்டாயிஸ் என்ற இரண்டு சவ்வுகள் நான்காம் ஐந்தாம் நாள் வாக்கில் ஒட்டி ஒன்றாகின்றன. பன்னிரண்டாம் நாளுக்குள் ஓட்டின் உட்பக்கம் முழுக்கப் போர்த்திவிடுகிறது. ஓட்டின் நுண்துளை வழியே வரும் காற்றை வாங்குவதற்காக அந்தச் சவ்வு முழுக்க நாளம் பின்னிக் கிடக்கும். ஆறு, ஏழு, எட்டு என்று நாள் ஏற ஏற நாளமும் பெருகும். குஞ்சின் நோய் எதிர்ப்பு மண்டலம் அப்போது முதிர்ந்திருக்காது. ஆகவே வெளியிலிருந்து எதை வைத்தாலும் பெரும்பாலும் சண்டைக்கு வராமல் ஏற்றுக்கொள்ளும்.

இங்கே என் முதல் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சோதனையைத் தொடங்கிய வருடம், கடையில் முட்டை வாங்கிவரச் சொன்னேன். மாணவர் இரண்டு அட்டை, அறுபது முட்டை வாங்கிவந்தார். இங்குபேட்டரில் மூன்று நாள். திறந்தோம். ஒன்றில்கூடத் துடிப்பு இல்லை. வெப்பநிலை சரியில்லையோ என்று கருவி பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டு, அடுத்த அறுபதையும் வைத்தோம். அதுவும் அப்படியே. ஆய்வகத்தைக் கூட்டவந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “சார், இது சேவல் சேராத முட்டை. அடை வெச்சா கூமுட்டைதான் ஆகும்” என்றார். நாமக்கல் பண்ணைக் கூண்டுகளில் சேவலே கிடையாது என்பது ஊருக்கே தெரியும். விலங்கியலில் பட்டம் வாங்கிய எங்கள் நான்கு பேருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஹேச்சரியிலிருந்து அடைமுட்டை வாங்கினோம், அல்லது சேவலோடு மேயும் நாட்டுக்கோழி முட்டை.

என் அப்பத்தா கோழியை அடை வைக்கும்போது கூடையில் தவிட்டைப் பரப்பி, ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் வைப்பார். இடி இடித்தால் கரு கலங்காதாம். மிளகாய்க்கும் இடிக்கும் என்ன தொடர்போ தெரியாது. ஆனால் ஏழாம் நாள் அரிக்கேன் விளக்கின் முன் முட்டையை இரண்டு விரலில் பிடித்துச் சுழற்றி, “இது கரு கூடியிருக்கு, இது கூடல” என்று பிரித்துவைப்பாரே, அந்த வேலையில் அவர் தவறியதே இல்லை. நாங்கள் எல்.இ.டி. விளக்கை வைத்துச் செய்வதும் அதேதான்.

இனி சோதனை. 37.5 டிகிரி செல்சியஸ், காற்றில் ஈரம் 60 சதவீதம். மூன்றாம் நாள் முட்டையைச் சாராயத்தால் துடைத்து, ஒரு முனையில் சின்னத் துளை போட்டு, ஊசியால் இரண்டு மூன்று மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சியதும் கருவும் மஞ்சளும் கொஞ்சம் தாழ்ந்து, மேலே வெற்றிடம் விழும். அதற்கு நேராக ஓட்டில் ஒரு சிறு ஜன்னல் வெட்டி, செலோ டேப்பால் மூடித் திரும்ப இங்குபேட்டரில் வைக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். கத்தரியின் நுனி சவ்வில் பட்டால் இரத்தம் கசியும், அந்த முட்டை போயிற்று. ஓட்டுத்தூள் உள்ளே உதிர்ந்தால் இன்னும் மோசம். தூள் விழுந்த இடத்தில் சவ்வு அழன்று தானாகவே நாளத்தை வளர்க்கும். பழகாத கை வெட்டினால் பத்துக்கு நாலு முட்டை தேறுவதே பெரிது. எங்களிடம் ஒரு மாணவி இருந்தார், சமையலில் முட்டையையே தொடாத வீட்டுப் பெண். பத்துக்கு ஒன்பது தேற்றிவிடுவார். கை ராசி என்றோம். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டுகிறார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

எட்டாம் நாள் டேப்பைப் பிரித்து, சாற்றில் நனைத்து உலர்த்திய வடிதாள் வட்டு ஒன்றைச் சவ்வின் மேல் வைக்கிறோம். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. இரண்டு நாள் கழித்துத் திறந்தால், சாறு ஒன்றும் செய்யாதிருந்தால் வட்டின் அடியிலும் சுற்றிலும் நாளங்கள் வழக்கம்போல் கிளைத்திருக்கும். வளர்ச்சியைத் தூண்டும் பொருளானால், நாளங்கள் நாலாபுறமிருந்தும் வட்டை நோக்கி மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலத் திரும்பியிருக்கும். தடுக்கும் பொருளானால் வட்டைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம். பெரிய நாளம் அந்த எல்லைவரை வந்து ஒதுங்கிப் போயிருக்கும். முதல் முறை அந்த வளையத்தைப் பார்க்கிற மாணவருக்கு உடம்பு சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது. அந்த நிமிடத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஏனென்றால் அந்த வளையம் வேறு காரணங்களாலும் வரும். சாற்றில் துவர்ப்பு நிறைய இருந்தால் அது புரதத்தைத் திரித்துவிடும். ஆவாரம்பட்டையைப் போட்டு நம் ஊரில் தோல் பதனிட்டார்களே, அதே வேலை. நம் மூலிகை இலைகளில் பாதி துவர்ப்பானவை. சவ்வைப் பதனிட்டுவிட்டு, நாளத்தைத் தடுத்தது என்று நாம் எழுதிவிடுவோம். சாறு எடுக்கப் பயன்படுத்திய மெத்தனால் வட்டில் சரியாக உலராமல் நின்றாலும் வளையம் வரும். ஒரு முறை எங்கள் இரண்டு மாத வேலை அப்படிப் போனது. வெறும் மெத்தனால் தடவிய கன்ட்ரோல் முட்டையிலும் அதே வளையம் இருந்ததால் பிழைத்தோம். கன்ட்ரோல் வைக்காமல் இருந்திருந்தால், கட்டுரை அச்சாகி நான் இன்னும் பெரிய ஆளாக இருந்திருப்பேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது சாவு. சாறு நஞ்சாக இருந்து கரு இறந்தால் நாளமும் சுருங்கி மறையும். மின்சாரத்தை நிறுத்தி விளக்கை அணைப்பதும், வீட்டையே கொளுத்தி விளக்கை அணைப்பதும் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றாகத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு முட்டையிலும் இதயம் துடிக்கிறதா, கருவின் எடை மற்றவற்றுக்கு இணையாக இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். அந்தப் பத்தி இல்லாத ஆய்வுக் கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. எண்ணும் வேலையையும் எந்த முட்டைக்கு எந்தச் சாறு என்று தெரியாதவரிடம் கொடுக்க வேண்டும். மூன்று வருடம் ஓர் இலையோடு உறங்கி எழுந்த மாணவர், அந்த இலை ஜெயிக்க வேண்டும் என்றுதான் எண்ணுவார். பொய் சொல்ல மாட்டார், அவர் கண் சொல்லும்.

இலையின் பக்கத்திலும் சிக்கல் குறைவில்லை. கீழாநெல்லி என்று சந்தைக்கு வரும் கட்டைப் பிரித்துப் பாருங்கள், இரண்டு மூன்று இனம் கலந்திருக்கும். தாவரவியலார் பார்த்துப் பெயர் சொல்லி, காய்ந்த மாதிரி ஒன்றை ஹெர்பேரியத்தில் எண் போட்டு வைக்காவிட்டால், பிறகு எதைச் சோதித்தோம் என்று நமக்கே தெரியாது. கோடையில் பறித்த இலையும் ஐப்பசியில் பறித்த இலையும் ஒன்றல்ல. எதில் ஊறவைத்தோம், சூடேற்றினோமா என்பதும் சேர்ந்துகொள்ளும். சீனத்தில் து யூயூ மலேரியாவுக்கு ஒரு செடியைச் சோதித்தபோது, இலையைக் கொதிக்கவைத்த சாறு பலன் தரவில்லை. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று பழைய மருத்துவ நூல் ஒன்றில் இருந்த குறிப்பைப் பார்த்த பிறகு, குறைந்த சூட்டில் ஆவியாகும் ஈதரில் எடுத்தார். 2015-இல் நோபல் பரிசு வந்தது. நம் சித்த மருத்துவர்கள் குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம், சூரணத்துக்கு மூன்று மாதம் என்று ஆயுள் குறித்து வைத்தார்கள். இலையில் இருப்பது நிலையானதல்ல என்று தெரிந்தவர்களின் கணக்கு அது. போன வருடம் காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்த சாற்றை எடுத்து இந்த வருடம் முட்டையில் வைக்கும் நாம்தான் அதை மறந்தோம்.

உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஓர் இலையைச் சொல்கிறேன்: தேயிலை. 1999-இல் ஸ்வீடனில் யிஹாய் காவ், ரென்ஹாய் காவ் என்ற இருவர், பச்சைத் தேயிலையில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருளைக் கோழி முட்டைச் சவ்வில் வைத்தார்கள். நாளம் தடைபட்டது. அதோடு நிற்காமல் எலிகளுக்குத் தண்ணீருக்குப் பதில் பச்சைத் தேநீரையே குடிக்கக் கொடுத்து, அவற்றின் கண்ணின் கருவிழியில் நாளத்தை வளரத் தூண்டிப் பார்த்தார்கள். அங்கேயும் வளர்ச்சி குறைந்தது. நேர்த்தியான வேலை, நேச்சர் இதழில் வந்தது. இருந்தும், பச்சைத் தேநீர் குடித்தால் மனிதருக்குப் புற்றுநோய் வராது என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று சேரவில்லை. நம் டீக்கடையில் கிடைப்பது நொதிக்கவைத்த தேயிலை, அதில் பால் வேறு. அந்தப் பொருளில் பெரும்பங்கு நொதிக்கும்போதே உருமாறிவிடுகிறது. டீ மாஸ்டரிடம் போய்க் கேட்காதீர்கள்.

ஏன் முட்டையில் வேலை செய்தது மனிதரில் தடுமாறுகிறது? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் சாறு இருந்தால் நாளம் தடைபடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர மனிதரின் உடம்பில் ஏறத்தாழ 40 லிட்டர் நீர். அதே செறிவு வர 4 கிராம் சாறு முழுக்க உள்ளே கலந்திருக்க வேண்டும். உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாக வந்தால் 40 கிராம் உலர் இலை. பச்சையாக 200 கிராம். பரவாயில்லையே, ஒரு கீரைக்கட்டுதானே என்று தோன்றும். ஆனால் இப்பொருள்களில் பல குடலைத் தாண்டுவதே இல்லை. நூற்றில் ஒரு பங்கு தாண்டினால் 20 கிலோ பச்சை இலை வேண்டும், அதுவும் தினம். முட்டைச் சவ்வுக்குக் குடலும் கிடையாது, இடையில் மறிக்கும் ஈரலும் கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாலிடோமைடு என்ற மாத்திரையை 1950களின் இறுதியில் கர்ப்பிணிகளுக்கு வாந்திக்குக் கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தன. 1994-இல் ஃபோக்மன் ஆய்வகத்தில் ராபர்ட் டமாட்டோ அந்த மருந்து புது நாளத்தைத் தடுக்கிறது என்று காட்டினார். 2009-இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள், அதைப் போன்ற ஒரு பொருளைக் கோழிக்கருவில் செலுத்தி, முளைக்கும் கால்மொட்டின் இளம் நாளங்கள் அழிவதைப் பார்த்தார்கள். அதே தாலிடோமைடு இன்று எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு மருந்து. ஆகவே, ‘எங்கள் இலை நாளத்தைத் தடுக்கிறது’ என்று மெடல் வாங்கும் இலை எதுவாக இருந்தாலும், அது உண்மையென்றால், கர்ப்பிணிக்கும் ஆறாத புண் உள்ளவருக்கும் தரக்கூடாத இலை அது. மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது என்று அதே மேடையில் சொல்கிறவர்கள் இரண்டில் ஒன்றைத் திரும்பப் பெற வேண்டும். வல்லாரையை எடுத்துக்கொள்ளுங்கள்: புண் ஆற்றும் என்று பெயர் வாங்கிய இலை, அதிலுள்ள ஏஷியாட்டிகோசைடு நாள வளர்ச்சியைத் தூண்டுவதாகச் சோதனைகள் காட்டின. கட்டி உள்ளவர் அதை அள்ளிச் சாப்பிடலாமா என்று கேட்டால், நான் யோசிப்பேன்.

இலையிலிருந்து மருந்தே வராது என்று நான் சொல்லவரவில்லை. நித்தியகல்யாணி நமக்குச் சுடுகாட்டுப் பூ. 1952-இல் ஜமைக்காவிலிருந்து ஓர் உறையில் அதன் இலைகள் கனடாவுக்குப் போயின. சர்க்கரை நோய்க்கு அங்கே அந்த இலையை டீ போட்டுக் குடிக்கிறார்கள், பாருங்கள் என்று. அங்கே ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. ஊசியில் செலுத்திய எலிகளோ தொற்று வந்து செத்தன. தோற்றது என்று தூக்கிப் போடாமல் ஏன் செத்தன என்று கேட்டார். வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. அதிலிருந்துதான் சார்லஸ் பீரோடு சேர்ந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார். பிறகு, மிகக் குறைந்த அளவில் அதே வின்பிளாஸ்டின் முட்டைச் சவ்வில் நாளத்தையும் தடுக்கிறது என்று 1999-இல் இத்தாலியர்கள் காட்டினார்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரிச் செம்மண்ணில் இந்தச் செடி பயிராகி வெளிநாட்டுக்குப் போகிறது. டன் கணக்கில் இலையை ஏற்றினால் கிராம் கணக்கில் மருந்து வருகிறது. மருந்தானது அந்த ஒரு மூலக்கூறு. அதை எடைபோட்டு, இரத்த நாளத்தில் ஏற்றுகிறார்கள். இலையைக் கசக்கிக் குடித்தவர் பிழைத்ததாகக் கதை கிடையாது.

நம் கல்லூரிகளில் வேலை முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. ஓர் இலை, ஒரு மெத்தனால் சாறு, பத்து முட்டை, ஒரு கட்டுரை. அடுத்த வருடம் வேறொரு மாணவர், வேறொரு இலை. சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி, அதில் எந்த மூலக்கூறு என்று போக ஐந்தாறு வருடமும் பணமும் வேண்டும். பட்டத்துக்கு மூன்று வருடம்தான். மாணவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே அப்படி நாலு இலைகளை அனாதையாக விட்டவன்.

ஆர்வக்கோளாறு நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 1998 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில், ஃபோக்மன் ஆய்வகத்தின் இரண்டு பொருள்கள் எலியில் கட்டியைக் கரைத்த செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை 12 டாலராக இருந்த, அவற்றோடு தொடர்புடைய ஒரு நிறுவனத்தின் பங்கு திங்கட்கிழமை 80 டாலரைத் தாண்டியது. நோயாளிகள் தொலைபேசியில் கெஞ்சினார்கள். நீங்கள் எலியாக இருந்தால் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று ஃபோக்மன் சொன்னார். 2004-இல்தான் பெவாசிசுமேப் என்ற முதல் நாளத்தடை மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரவிய பெருங்குடல் புற்றுநோயில், கீமோவோடு அதைச் சேர்த்தபோது நடுத்தர ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமானது. ஏறத்தாழ ஐந்து மாதம். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த அனுமதியை 2011-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இந்தக் கொள்கை நன்றாக வென்ற இடம் கண். சர்க்கரை நோயால் விழித்திரையில் கண்ட இடத்தில் முளைக்கும் நாளத்துக்காக நம் ஊர்க் கண் மருத்துவமனைகளில் ‘கண்ணுக்குள்ளே ஊசி போட்டாங்க’ என்கிறார்களே, அது இந்த வகை மருந்துதான். கண் சின்ன இடம். போட்ட மருந்து பெரும்பாலும் போட்ட இடத்திலேயே நிற்கிறது.

வாசலில் ஓர் அம்மா என்னை நிறுத்தி, தன் வீட்டுக்காரருக்கு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு ஊசி நடக்கிறது, கூடவே ஏதாவது இலைச்சாறு கொடுக்கலாமா என்று கேட்டார். பேச்சில் சொல்கிறேன் என்றேன். அம்மா, 2009-இல் கலிஃபோர்னியாவில் சிலர் இதே எண்ணத்தில், போர்ட்டிசோமிப் என்ற மஜ்ஜைப் புற்றுநோய் மருந்தோடு, நான் முன்னே சொன்ன பச்சைத் தேயிலைப் பொருளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பாக வேலை செய்யும் என்று எதிர்பார்த்தார்கள். தேயிலைப் பொருள் நேராகப் போய் மருந்தைப் பற்றிக்கொண்டு அதைச் செயலிழக்க வைத்துவிட்டது. எலிகளில் கட்டி மருந்தே கொடுக்காத மாதிரி வளர்ந்தது. என்ன கொடுப்பதாக இருந்தாலும், ஊசி போடும் டாக்டரிடம் இலையின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

வெந்நீர்ப் பை ஆறிக்கொண்டு வருகிறது. பின்னால் இருக்கும் தம்பி, விளக்கை அணைத்துவிடுங்கள், மின்விசிறி இருக்கட்டும். முன் வரிசைப் பிள்ளைகள் மட்டும் முதலில் வாருங்கள், தள்ளாமல். செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் ஒட்டிவைக்கிறேன். ஓரமாகச் சிலந்திவலை மாதிரிச் சிவப்பு இழைகள் தெரிகின்றனவா? அவை ஓடிவந்து சேரும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும், அது கண். கொஞ்சம் பொறுங்கள், இப்போது அசையும்.